மனத்தின் மாயத்தைச் சோதித்த ஆசிரியர் – டாக்டர் ஆபிரகாம் கோவூர்

மனித உடலின் உறுப்புகளுள் தலைமையானது மூளை. ஒன்றரைக் கிலோவுக்கும் குறைந்த நிறையுடைய இவ்வுறுப்பே நாம் காண்பது, கேட்பது, நினைப்பது, அஞ்சுவது ஆகிய அனைத்திற்கும் இருப்பிடம். கண் பார்க்கிறது என்கிறோம். உண்மையில் கண் ஒளியை வாங்கி அனுப்புகிறது, பார்ப்பது மூளை. காது கேட்கிறது என்கிறோம்; கேட்பதும் மூளையே. ஆகவே மூளை ஏமாந்தால் கண்ணும் காதும் சேர்ந்தே ஏமாறும். இல்லாததைக் காணவும், எவரும் சொல்லாததைக் கேட்கவும் மனிதனால் முடியும்.

நாஞ்சில் நாட்டில் பிறந்த நமக்கு இது புதிய செய்தியன்று. கோயில் கொடையில் கள்ளியங்காட்டு நீலியின் கதையை வில்லுப்பாட்டாகக் கேட்டுவிட்டு, நள்ளிரவில் தென்னை விளைகளின் ஊடே வீடு திரும்பியவர்கள் நம்மில் பலர். காற்றில் அசைந்த வாழையிலை வெள்ளைச் சேலையாகத் தெரிந்திருக்கும். நம் செருப்பின் ஓசையே பின்தொடரும் காலடியாகக் கேட்டிருக்கும். வீட்டு விளக்கைக் கண்டவுடன் சேலையும் மறைந்தது, காலடியும் நின்றது. மறுநாள் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

சிரிக்க முடியாத நிகழ்ச்சிகளும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, பேசிக்கொண்டே இருக்கையில் திடீரென ஒரே இடத்தை வெறித்து நோக்குவாள். உதடுகள் எதையோ மெல்வதுபோல் அசையும். அழைத்தால் கேளாள். இரண்டொரு நிமிடங்களில் தெளிவாள். தன்னை யாரோ பெயர் சொல்லி அழைத்ததாகச் சொல்வாள். பேய் பிடித்துவிட்டது என்று முடிவு செய்தார்கள். கையில் ஏலஸ் கட்டினார்கள். வேப்பங்குலையால் அடித்தார்கள்; பின்னர்ப் பிரம்பாலும் அடித்தார்கள். ஆறு மாதங்கள் சென்றபின், அவளுடைய பள்ளி ஆசிரியை ஒருவர் விடாமல் வற்புறுத்தியதால் அவளை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். அங்கே தலையில் மின்கம்பிகளைப் பொருத்தி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தார்கள். இ.இ.ஜி. என்னும் அந்தப் பதிவு, அவளுக்கு வந்திருந்தது மூளையின் பக்கப் பகுதியில் தோன்றும் ஒருவகை வலிப்பு என்று காட்டியது. மாத்திரைகள் கொடுத்தார்கள். அழைத்த குரல் நின்றுவிட்டது. அவள் முதுகிலிருந்த தழும்புகளை மட்டும் மாத்திரைகளால் மாற்ற முடியவில்லை.

அச்சிறுமியை நினைக்கும்போதெல்லாம், இத்தகைய குழந்தைகளுக்காகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஓர் ஆசிரியரின் நினைவும் உடன் வருகிறது. அவர்தாம் டாக்டர் ஆபிரகாம் கோவூர். மனித மூளை எவ்வாறெல்லாம் ஏமாறும், எவ்வாறெல்லாம் ஏமாற்றப்படும், அதே மூளையை எவ்வாறு குணப்படுத்தலாம் என்பதை ஊரறியச் சோதித்துக் காட்டியவர் அவர்.

பிறப்பும் கல்வியும்

கோவூர் 1898-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் திருவல்லாவில் பிறந்தார். திருவல்லா அன்றைய திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. நம் குமரி மாவட்டமும் 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழகத்துடன் இணையும்வரை அதே ஆட்சிப் பகுதிக்குள்தான் இருந்தது. அவ்வகையில் கோவூர் நமக்கு அயலாரல்லர். ஒரே சமஸ்தானத்து மனிதர்.

அவருடைய தந்தையார் கோவூர் ஐப்பு தொம்மா கத்தனார், மார்த்தோமா சிரியன் திருச்சபையின் விகார் ஜெனரலாக விளங்கிய சமயப் பெரியவர். வேதாகமம் ஓதும் ஒலியிலேயே வளர்ந்த பிள்ளை, பின்னாளில் எதையும் சோதித்தன்றி ஏற்க மறுக்கும் பகுத்தறிவாளராக மாறியது ஒரு வியப்பே.

உயர்கல்விக்காக அவர் தம் தம்பியுடன் கல்கத்தா சென்று பங்கபாசி கல்லூரியில் சேர்ந்தார். தாவரவியலும் விலங்கியலும் அவர் விரும்பிக் கற்ற பாடங்கள். அத்தம்பியும் நாம் அறியத்தக்கவர். கோவூர் தாமஸ் பெஹனான் என்னும் அவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆராய்ந்தார். இந்தியாவுக்குத் திரும்பி வந்து லோனாவ்லாவில் சுவாமி குவலயானந்தரிடம் யோகப் பயிற்சி பெற்றார். மூச்சுப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் கணக்குப் போடுதல் முதலான சோதனைகளைத் தம்மீதே நடத்தி, மனத்தின் வேகம் எவ்வாறு மாறுகிறது என்று அளந்தார். பயிற்சி அமைதி தருகிறது என்று அவர் உணர்ந்தார். ஆனால் பயிற்சி முடிந்தவுடன் மூளையின் வேலை வேகம் சற்றுக் குறைவதையும் கண்டு, அதையும் மறைக்காமல் எழுதினார். யோகத்தை விஞ்ஞான முறையில் ஆராயும் அவரது நூல் 1937-இல் வெளிவந்தது. அண்ணன், தம்பி இருவருக்கும் பொதுவாயிருந்த குணம் இதுதான்: மனத்தைப் பற்றிய எந்தக் கூற்றையும் அளந்து பார்க்காமல் விடுவதில்லை.

கங்கை நீர் கற்பித்த பாடம்

கல்கத்தாவில் படித்த காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் கோவூர் பின்னாளில் அடிக்கடி நினைவுகூர்ந்ததுண்டு. ஊருக்குத் திரும்பும்போது கங்கை நீர் கொண்டுவரும்படி தெரிந்தவர்கள் அவரைக் கேட்டிருந்தார்கள். அவர் கொண்டுவரவில்லை. ஆனால் கேட்டவர்களை ஏமாற்றவும் மனமின்றி, இரயில் பயணத்தின் வழியில் கிடைத்த சாதாரண நீரைப் புட்டியில் நிரப்பிக் கொடுத்தார். பெற்றுக்கொண்டவர்கள் பக்தியுடன் பயன்படுத்தினார்கள். சில நாட்கள் கழித்து, அந்த நீரால் நோய் தீர்ந்ததாக அவர்களே வந்து சொன்னார்கள்.

வேறொருவராக இருந்தால் இதைக் கேட்டு நகைத்திருப்பார், அல்லது அந்த நீரை விற்கத் தொடங்கியிருப்பார். கோவூர் சிந்திக்கத் தொடங்கினார். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையாகவே குணம் தெரிந்தது. நீரிலோ எதுவுமில்லை. அப்படியானால் குணம் எங்கிருந்து வந்தது? நம்பிக்கை கொண்ட மூளையிலிருந்து வந்தது என்பதே அவர் கண்ட விடை. இந்த விடைக்கு விஞ்ஞானச் சான்று கிடைக்க மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. அதனைப் பின்னர்க் காண்போம்.

யாழ்ப்பாணத்து ஆசிரியர்

கேரளத்தில் சிறிதுகாலம் பணியாற்றியபின், 1928-இல் கோவூர் இலங்கைக்குச் சென்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் ஆசிரியரானார். தமிழ் மாணவர்களிடையே அவர் பணியாற்றிய அக்காலமே அவரை உருவாக்கிய காலம் எனலாம்.

அக்கல்லூரியில் ஓராண்டு வேதாகமப் பாடம் நடத்தும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. தேர்வில் அவருடைய மாணவர்கள் எல்லோரும் வெற்றி பெற்றார்கள். பலர் சிறப்பு மதிப்பெண்ணும் பெற்றார்கள். ஆயினும் அடுத்த ஆண்டு அப்பாடம் அவருக்குத் தரப்படவில்லை. காரணம் கேட்டபோது, மாணவர்கள் தேர்வில் வென்றார்கள், ஆனால் நம்பிக்கையை இழந்துவிட்டார்கள் என்று கல்லூரித் தலைவர் சொன்னாராம். கோவூர் அதற்காக வருந்தவில்லை. கல்லூரித் தலைவரும் அவரைப் பணியிலிருந்து விலக்கவில்லை. கருத்து வேறுபாட்டுக்கிடையிலும் ஒருவரையொருவர் மதித்த அந்தப் பண்பு இன்று நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பின்னர்க் காலி ரிச்மண்ட் கல்லூரி, கல்கிசை புனித தோமையார் கல்லூரி, கொழும்பு தர்ஸ்டன் கல்லூரி ஆகியவற்றில் பணியாற்றி, 1959-இல் ஓய்வு பெற்றார். கொழும்பு பாமன்கடையில் தாம் வாழ்ந்த இல்லத்துக்குத் திருவல்லா என்றே பெயரிட்டிருந்தார். ஓய்வுக்குப்பின் 1960-இல் இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தை நிறுவி, இறுதிவரை அதன் தலைவராக இருந்தார்.

பேய் வீடுகளில் ஒரு விஞ்ஞானி

செடியின் நோயை ஆராயும் தாவரவியலார், இலை வாடியிருந்தால் இலையை மட்டும் பார்ப்பதில்லை. வேரைத் தோண்டிப் பார்ப்பார். கோவூரும் பேய்க் கதைகளை அவ்வாறே ஆராய்ந்தார். பேய் உலவுவதாகச் சொல்லப்பட்ட வீடுகளில் இரவில் தங்கினார். சுடுகாடுகளில் உறங்கினார். வேண்டுமென்றே இராகு காலத்தில் பயணங்களைத் தொடங்கினார். எந்தத் தீங்கும் நேரவில்லை.

கூரைமேல் கல் விழுகிறது, பெட்டியிலுள்ள துணி தானே எரிகிறது, சோற்றில் மண் விழுகிறது என்று மக்கள் அவரிடம் ஓடி வருவார்கள். அவர் முதலில் வீட்டாரைத் தனித்தனியே அழைத்துப் பேசுவார். எவர் இருக்கும்போது கல் விழுகிறது, எவர் இல்லாதபோது விழவில்லை என்று கணக்கெடுப்பார். அனேகமாக ஒவ்வொரு முறையும் முடிவில் ஒரு மனிதக் கை அகப்பட்டது. பெரும்பாலும் அது அந்த வீட்டில் அன்பின்றி, பேச இடமின்றி, மனம் நொந்து கிடந்த ஓர் இளம்வயதினரின் கையாக இருந்தது. வேலைக்காரச் சிறுமி, மாற்றாந்தாயிடம் வளரும் பிள்ளை, விருப்பமில்லாத திருமணத்துக்கு உட்பட்ட பெண் என இத்தகையோரே. சிலருக்குத் தாம் செய்வது தமக்கே தெரியாத நிலையும் இருந்தது.

இங்கேதான் கோவூரின் உயர்வு வெளிப்படுகிறது. குற்றவாளியைக் கண்டுபிடித்து ஊர்நடுவே நிறுத்துவது அவர் நோக்கமன்று. அந்தப் பிள்ளையின் மனத்தில் என்ன புண் இருக்கிறது என்று கேட்டார். வீட்டாரை அழைத்து அவர்கள் நடத்தையை மாற்றிக்கொள்ளச் சொன்னார். பேய் ஓட்டுபவர் பேயைத் தேடினார். கோவூர் துன்பத்தைத் தேடினார். அவருடைய நோயாளிக் குறிப்புகள் பத்திரிகைகளில் தொடர்ந்து வெளிவந்து மக்களை ஈர்த்தன. அவற்றுள் ஒன்றைத் தழுவி மலையாளத்தில் 1972-இல் புனர்ஜன்மம் என்ற படமும், தமிழில் 1973-இல் மறுபிறவி என்ற படமும் வந்தன.

அறிதுயில் என்னும் கருவி

கோவூர் கையாண்ட முக்கியமான கருவி ஹிப்னாடிசம் எனப்படும் அறிதுயில். இது மந்திரமன்று. 1843-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரெய்டு என்ற மருத்துவர் இதற்கு அப்பெயரை வழங்கி, கவனத்தை ஒருமுகப்படுத்துவதால் விளையும் நிலையே இது என்று விளக்கினார். அதற்குச் சற்று முன்பின்னாக, 1845 முதல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், மயக்க மருந்துகள் வழக்கத்துக்கு வராத அந்நாளில், இத்தகைய முறையால் நோயாளிகளை ஒருவகை உறக்கத்தில் ஆழ்த்தி, வலி தெரியாமல் அறுவை சிகிச்சைகள் செய்தார்.

அறிதுயிலில் ஆழ்ந்தவரிடம் அவர் கையில் வைத்த குளிர்ந்த நாணயம் சுடுகிறது என்றால் அவர் கையை உதறுவார். இது நடிப்பா, உண்மையா என்று நெடுங்காலம் விவாதம் நடந்தது. கோவூர் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப்பின் மூளைப் படக் கருவிகள் இதற்கு விடை தந்தன. 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், அறிதுயிலில் இருந்தவர்களின் கையைச் சுடுநீரில் வைத்து, வலியின் தொல்லை குறைவு என்று ஒருமுறையும் மிகுதி என்று ஒருமுறையும் சொன்னார்கள். நீரின் சூடு மாறவில்லை. ஆனால் வலியின் துன்பத்தை உணரும் மூளைப் பகுதியின் இயக்கம் சொல்லுக்கேற்ப மாறியது. 2000-ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், சாம்பல் நிறப் படத்தை வண்ணப் படம் என்று நம்பச் செய்தபோது, நிறத்தைக் காணும் மூளைப் பகுதியே விழித்தெழுந்தது. அவர்கள் நடிக்கவில்லை, அவர்களுடைய மூளை வண்ணத்தைக் கண்டது.

இதனால் பெறப்படுவது யாது? பேயைக் கண்டேன் என்பவர் பொய்யர் என்று முடிவு கட்டலாகாது. அவர் கண்டது உண்மை. பேய்தான் அங்கு இல்லை. கோவூர் தம் அனுபவத்தால் உணர்ந்திருந்த இந்த வேறுபாட்டை அறியாதவர்களே நோயாளியை அடிக்கிறார்கள் அல்லது கேலி செய்கிறார்கள்.

ஓர் இலட்சம் ரூபாய் அறைகூவல்

1963-இல் கோவூர் விடுத்த அறைகூவல் அவரை உலகறியச் செய்தது. மோசடிக்கு இடமில்லாத சூழலில் தெய்விக ஆற்றலையோ மந்திர ஆற்றலையோ காட்டுபவர் எந்நாட்டவராயினும் அவருக்கு ஓர் இலட்சம் இலங்கை ரூபாய் தருவதாக அறிவித்தார். விளம்பரத்துக்காக மட்டும் வருவோரைத் தவிர்க்க, போட்டியிடுபவர் ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்டவேண்டும் என்றும் விதித்தார். செய்துகாட்ட வேண்டியவை 23 இனங்கள். அவற்றுள் ஒன்றைச் செய்தாலே போதும்.

முத்திரையிட்டு மூடிய உறைக்குள்ளிருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைப் படித்தல் அவற்றுள் ஒன்று. மற்றவர் மனத்தில் நினைப்பதை அறிந்து சொல்லுதல் இன்னொன்று. இவ்விரண்டையும் சற்று எண்ணிப் பார்த்தால் அவருடைய விஞ்ஞான நுட்பம் விளங்கும். ஒரு குறிகாரர் நம் எதிரில் அமர்ந்தால் நம் உடை, வயது, முகவாட்டம் அனைத்தும் அவருக்குச் செய்தி. வீட்டில் ஒரு கவலை இருக்கிறது என்று பொதுவாகத் தொடங்குவார். நம் கண் அசைவைக் கண்டு அடுத்த சொல்லை அமைப்பார். சரியாகப் பொருந்திய நான்கை நாம் ஊரெல்லாம் சொல்வோம். பொருந்தாத பத்தை வாசலைத் தாண்டுமுன் மறந்துவிடுவோம். அவர் நம் மனத்தைப் படிப்பதில்லை. நம் முகத்தைப் படிக்கிறார், மீதியை நம் மூளையே நிரப்பிக் கொடுக்கிறது. ஆனால் ரூபாய் நோட்டின் எண்ணுக்கு முகமில்லை. அது வருந்துவதுமில்லை, மகிழ்வதுமில்லை. எனவே அங்கே அந்த வித்தை செல்லாது.

சோதிடர்களுக்கும் கைரேகை வல்லுநர்களுக்கும் அவர் வைத்த சோதனை இன்னும் எளியது. பத்து ஜாதகங்களை, அல்லது பத்துக் கைரேகைப் படிகளை எடுத்துக்கொண்டு, எது ஆணுடையது, எது பெண்ணுடையது, எவர் உயிருடன் உள்ளவர், எவர் இறந்தவர் என்று பிரித்துக் காட்ட வேண்டும். நம் கணிதப் பாட அறிவைக் கொண்டே இதை ஆராயலாம். ஒவ்வொன்றுக்கும் நான்கு வாய்ப்புகள். வெறும் ஊகத்தால் பத்தையும் சரியாகச் சொல்ல, நான்கைப் பத்துமுறை பெருக்கிவரும் எண்ணில் ஒருமுறைதான் இயலும். அதாவது பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டதில் ஒன்று. குருட்டு அதிர்ஷ்டம் புக வழியில்லாமல், ஆனால் உண்மையான ஆற்றல் இருந்தால் ஐந்து நிமிடத்தில் வெல்லக்கூடியதாக அமைந்த சோதனை அது. அவர் மறையும்வரை அந்தப் பரிசை எவரும் வெல்லவில்லை.

இந்தியாவிலும் பல இடங்களுக்குச் சென்று அவர் பேசினார். அற்புதங்கள் எனப்பட்டவற்றை மேடையில் தாமே செய்துகாட்டி, பின் அவற்றின் நுட்பத்தையும் விளக்கினார். அவர் வழியைப் பின்பற்றி, கோவையை அடுத்த போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த் 2009-இல் மறையும்வரை ஊர் ஊராகச் சென்று அப்பணியைத் தொடர்ந்தார்.

குறைகளும் உண்டு

எவரையும் குறையற்றவராகக் காட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதையன்று. கோவூரின் பேனா மிகக் கூர்மையானது. ஏமாற்றுவோர்மீது பாய்ந்த அதே கூர்மை, எவரையும் ஏமாற்றாத எளிய பக்தர்களையும் சில வேளைகளில் காயப்படுத்தியது. துன்பத்தில் இருப்பவர் கும்பிட்டு ஆறுதல் பெறுவது வேறு. அவருடைய துன்பத்தைக் காசாக்குவது வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியை அவருடைய எழுத்து எப்போதும் காட்டியதாகச் சொல்ல இயலாது.

அறிதுயிலைப் பற்றியும் இன்று நாம் அவரைவிடச் சற்றுக் கூடுதலாக அறிவோம். அறிதுயிலில் மீட்கப்படும் நினைவுகள் எல்லாம் உண்மையாயிருப்பதில்லை. கேட்பவர் விரும்பும் விடையை மூளை புதிதாகப் படைத்து, பழைய நினைவு என்றே உறுதியாக நம்பவும் கூடும். ஆகவே அறிதுயிலை இன்றைய மருத்துவம் எச்சரிக்கையுடனேயே கையாளுகிறது. சோதனையை எல்லோர்க்கும் பொதுவாக்கிய மனிதரின் முறைகளையும் நாம் சோதித்தே ஏற்க வேண்டும். அதை அவரும் மறுத்திருக்கமாட்டார்.

மறைவும் ஒரு மறுமொழியும்

1978 செப்டம்பர் 18-ஆம் நாள் கோவூர் கொழும்பில் காலமானார். அவர் விருப்பப்படியே அவர் கண்கள் கண் வங்கிக்கும், உடல் மருத்துவ மாணவர்களின் படிப்புக்கும் அளிக்கப்பட்டன. எலும்புக்கூடு, அவர் இறுதியாகப் பணியாற்றிய தர்ஸ்டன் கல்லூரியின் ஆய்வகத்துக்கு வழங்கப்பட்டது. உயிருடன் இருந்தபோது வகுப்பில் கற்பித்தவர், இறந்தபின்னும் வகுப்பைவிட்டு வெளியேறவில்லை.

அதே 1978-ஆம் ஆண்டில்தான் கங்கை நீர்ப் புட்டியின் கேள்விக்கு ஒரு மறுமொழி வந்தது. கலிபோர்னியாவில் மூன்று ஆய்வாளர்கள், பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு மருந்தில்லாத போலி ஊசியை மருந்து என்று சொல்லிக் கொடுத்தார்கள். சிலருக்கு வலி குறைந்தது. பின்னர் நலோக்சோன் என்ற மருந்தைச் செலுத்தியபோது குறைந்த வலி மீண்டும் கூடியது. நலோக்சோன், அபின் வகைப் பொருள்களின் வேலையைத் தடுப்பது. அபின் எதுவும் தரப்படாதவர்களிடம் அது எதைத் தடுத்தது? மூளை தானே சுரந்துகொண்ட வலிநீக்கிப் பொருளைத்தான். நம்பிக்கை வெறும் எண்ணமாக நிற்காமல் மூளையின் வேதியியலாகவும் மாறுகிறது என்பது இவ்வாறு தெரிந்தது. புட்டியில் இருந்தது சாதாரண நீர். அதைக் குடித்தவரின் மூளையில் இருந்தது மருந்துக்கடை. ஆனால் அந்தக் கடையில் வலிக்கு மருந்துண்டு. புற்றுநோய்க் கட்டிக்கும் உடைந்த எலும்புக்கும் மருந்தில்லை என்பதை மறந்துவிடலாகாது.

கருவிகள் மனத்தைப் படிக்கும் காலம்

கோவூருக்குப்பின் மூளையைப் படிக்கும் கருவிகள் பெருகின. 1924-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். 2011-இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார், காந்தப் படக் கருவிக்குள் படுத்துத் திரைப்படத் துண்டுகளைப் பார்த்தவர்களின் மூளை இயக்கத்தைக் கொண்டே, அவர்கள் பார்த்த காட்சியை மங்கலாகக் கணிப்பொறியில் மீட்டுக் காட்டினார்கள். மந்திரவாதி தன்னால் முடியும் என்றதை விஞ்ஞானம் ஓரளவு செய்துவிட்டது. ஆனால் வேறுபாட்டைக் காண்க. அவர்கள் முறையை வெளியிட்டார்கள். எத்தனை முறை தவறினார்கள் என்றும் சொன்னார்கள். பல மணி நேரம் அசையாமல் படுத்திருந்தவர்களின் சம்மதத்துடனேயே செய்தார்கள்.

மூளையை ஏமாற்றிக் குணப்படுத்துவதும் இன்று உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், கை இழந்தவர்கள் இல்லாத கையில் வலியால் துடிப்பதை ஆராய்ந்தார். 1990-களில் ஒரு சாதாரணக் கண்ணாடிப் பெட்டியை அவர்கள்முன் வைத்தார். இருக்கும் கையின் பிம்பம், இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். இருக்கும் கையை விரித்தால் இழந்த கையும் விரிவதாக மூளை நம்பும். இறுகிப்போன அந்த இல்லாத கை தளர்ந்து, பலருக்கு வலி குறையும். இதுவும் ஏமாற்றுதான். ஆனால் நோயாளிக்குத் தெரிந்தே, அவர் நன்மைக்கே செய்யப்படும் ஏமாற்று.

அனுமதியின்றி மனத்தைப் படிப்பதோ? குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு மயக்க ஊசி போட்டுப் பேசவைத்தல், பொய்யறியும் கருவியில் சோதித்தல், மூளை அலைகளைப் பதிந்து குற்றத்தின் நினைவு உண்டா என்று பார்த்தல் ஆகியவை நம் நாட்டில் நடைபெற்று வந்தன. செல்வி என்பவருக்கும் கர்நாடக அரசுக்கும் இடையிலான வழக்கில், 2010 மே 5-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய சம்மதமின்றி இச்சோதனைகளைச் செய்வது அரசியல் சட்டத்துக்கு மாறானது என்று தீர்ப்பளித்தது. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படாத உரிமை மனிதனின் மூளைக்கும் உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

நாம் செய்ய வேண்டியது

மாணவ நண்பர்களே! 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், ஒரு கீற்றுக் கொட்டகைக் காப்பகத்தில் தீப்பிடித்தது. அங்கே சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்துள்ளது. ஆயினும் சட்டம் நம் தெருமுனைவரை தானே நடந்து வராது. நாம்தான் அழைத்து வரவேண்டும்.

நம் கோயில் கொடைகளும், கோமரத்தாடியின் ஆட்டமும், வில்லுப்பாட்டும் நம் மண்ணின் செல்வங்கள். அவற்றை இழக்கவேண்டும் என்று இக்கட்டுரை சொல்லவில்லை. கதையில் நீலி இருக்கட்டும். ஆனால் வெறித்து நோக்கும் சிறுமியின் முதுகில் பிரம்பு விழும்போது, அது கதையன்று. அது நம் பக்கத்து வீடு. அங்கே நாம் கோவூரின் கேள்வியைக் கேட்கவேண்டும்: எவர் இருக்கும்போது வருகிறது? எப்போது வருகிறது? இந்தக் குழந்தைக்கு என்ன துன்பம்? அடுத்து, அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடமோ நரம்பியல் மருத்துவரிடமோ அழைத்துச் செல்லவேண்டும்.

கருவியைக் காட்டி மனத்தைப் படிப்பதாகச் சொல்பவர்களும், மூளைத்திறனைப் பத்தே நாளில் பெருக்குவதாக விளம்பரம் செய்பவர்களும் இனி மிகுதியாக வருவார்கள். அன்று விபூதியும் எலுமிச்சையும் கொண்டு வந்தவர்கள், இன்று கம்பியும் கணிப்பொறியும் கொண்டு வருவார்கள். அவர்கள்முன்னும் மூடிய உறை ஒன்றை வைக்க நாம் தயங்கலாகாது. உண்மையான விஞ்ஞானி அதைப் பார்த்து மகிழ்வார், போலி கோபப்படுவார். இருவரையும் பிரித்தறிய அந்த உறை ஒன்றே போதும்.

எங்கள் தெருவின் அச்சிறுமி இப்போது மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். விலங்கியல்தான் அவளுக்குப் பிடித்த பாடமாம். கோவூர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

– இரண்டாம் ஆண்டு, தாவரவியல்